இழுக்கும் வலிமையும் தாங்கும் வலிமையும்

மாட்டு வண்டியில் மூட்டை அடுக்கத் தெரிந்தவனுக்கு இயந்திர வண்டியின் இலக்கணத்திற் பாதி தெரிந்துவிட்டது என்று கூறினால் மிகையாகாது. பாரம் பின்புறம் மிகுந்தால் நுகத்தடி மேலெழும்பி மாட்டின் கழுத்தை விட்டுக் கிளம்பும். முன்புறம் மிகுந்தால் மாட்டின் கழுத்து நசுங்கும். ஆதலின் வண்டிக்காரர், முன்பாரம் சிறிதளவே இருக்குமாறு மூட்டைகளை நகர்த்தி அடுக்குவர். 1880ஆம் ஆண்டில் மாத்தளைக்குப் புகையிரதம் வருவதற்கு முன்னர், மலைத்தோட்டங்களிலிருந்து கோப்பி மூட்டைகளை வண்டியேற்றிச் சென்றவர்கள் இக்கணக்கை ஏட்டிற் படித்தவர்களல்லர். எருதின் கழுத்தைப் பார்த்தே கற்றவர்கள்.

அதே கணக்கு இன்று வேறொரு வடிவில் நம் குடும்பங்களுக்குள் வந்திருக்கிறது. கனடாவிலும் அமெரிக்காவிலும் குடியேறிய நம்மவர் சிலர், கோடை விடுமுறையிற் காடும் ஏரியும் காணச் செல்லும்போது வீட்டையே வண்டியிற் கட்டி இழுத்துச் செல்கின்றனர். படுக்கையறை, அடுக்களை, குளியலறை யாவும் அதனுள் அடக்கம். அவ்வகை வீட்டு வண்டிகளுட் பெரியது 'ஐந்தாம் சக்கர' வண்டி எனப்படும். அதனை இழுப்பதற்கு எந்தக் கெப் வண்டியை வாங்குவது என்பது அங்குள்ள குடும்பங்களின் பெரும் ஆலோசனை. இலங்கையில் 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டபின், இங்கும் கெப் வண்டி வாங்க எண்ணுவோர் பலர். ஒரு குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்பு இதில் அடங்கியிருக்கிறது. மலைப் பாதையில் அக்குடும்பத்தின் உயிரும் அடங்கியிருக்கிறது. ஆதலின் இதனைச் சற்று ஆராய்வது நன்று.

முதலிற் பெயரைப் பார்ப்போம். பழைய நாற்சக்கரக் குதிரை வண்டிகளில், முன் அச்சு இடமும் வலமும் திரும்புவதற்காக அதன்மேல் ஓர் இரும்பு வளையத்தைக் கிடையாக வைத்தனர். நிற்கும் சக்கரங்கள் நான்கு. படுத்திருக்கும் இதுவே ஐந்தாவது. இன்று கொழும்புத் துறைமுகத்திலிருந்து கொள்கலன் ஏற்றிவரும் நீண்ட லொறிகளிலும் இதனைக் காணலாம். பின்வண்டியின் அடியிலுள்ள தடித்த இரும்பு முளை, முன்வண்டியின் முதுகிலுள்ள தட்டின் பிளவிற் புகுந்து பூட்டிக்கொள்கிறது.

1914ஆம் ஆண்டில் டெட்ராயிற் நகரக் கொல்லரான ஓகஸ்ட் புரூகோப், மரவணிகர் ஒருவரின் படகை ஏற்றுவதற்கென ஓர் இழுவை வண்டியைச் செய்து போர்ட் காரின் பின்னே பூட்டினார். பின்னர் 1920களின் பிற்பகுதியில், விமானத் துறை முன்னோடியாகிய கிளென் கர்ட்டிஸ் வீட்டு வண்டி ஒன்றை அமைத்தார். காரின் பின்பகுதியில் ஒரு விமானச் சக்கர ரயரைக் கிடையாகப் படுக்கவைத்து, வீட்டு வண்டியின் கழுத்தை அதன் நடுவிற் பொருத்தினார். குலுக்கலை ரயர் வாங்கிக்கொண்டது.

சாதாரண இழுவை வண்டி, முன்வண்டியின் வாலிற் கொளுவப்படுவது. அதன் முன்பாரம் மொத்த நிறையில் 10 முதல் 15 சதவீதம் வரை இருத்தல் வேண்டும். அதனிற் குறைந்தால், நுகத்தடி கிளம்பிய மாட்டு வண்டிபோல் வாலாட்டம் ஆடும். ஐந்தாம் சக்கர வண்டியோ கெப் வண்டியின் பின் அச்சுக்கு நேர்மேலாகவே அமர்கிறது. அதனால் ஆட்டம் குறைகிறது. ஆனால் அதன் நிறையில் 15 முதல் 25 சதவீதம் வரை கெப் வண்டியின் முதுகில் இறங்குகிறது. அதாவது, முன்வண்டி இழுப்பதோடமையாது சுமக்கவும் வேண்டும்.

இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். விற்பனையாளர் உரத்துச் சொல்வது இழுக்கும் வலிமையை. மெல்லச் சொல்வது தாங்கும் வலிமையை. இதனை நம் இல்லத்தரசியர் எளிதில் விளங்கிக்கொள்வர். சம்பளம் வேறு, கழிவுகள் போகக் கைக்கு வருவது வேறல்லவா?

ஒரு கணக்கு. ஒரு கெப் வண்டி 5,000 கிலோ இழுக்கும் என்று விளம்பரம் கூறுகிறது எனக் கொள்வோம். அதன் தாங்கும் வலிமை 800 கிலோ. நால்வர் கொண்ட குடும்பத்தின் நிறை 280 கிலோ; பூட்டும் தட்டு 80 கிலோ; பெட்டி படுக்கை 40 கிலோ. இவற்றைக் கழித்தால் மிஞ்சுவது 400 கிலோ. வீட்டு வண்டியின் நிறையில் ஐந்திலொரு பங்கு முதுகில் இறங்குமாயின், 2,000 கிலோ வீட்டு வண்டியையே இது தாங்கும். 5,000 கிலோ வண்டியைப் பூட்டினால் 1,000 கிலோ முதுகில் விழும். வில்லுத்தகடு வளையும், முன்சக்கரங்கள் நிலத்தைப் பற்றாமற் கைத்திருப்பி வலுவிழக்கும், ரயர் சூடேறி வெடிக்கவுங்கூடும்.

ஆகவே முதலில் வீட்டு வண்டியைத் தேர்ந்து, பின்னரே அதற்கேற்ற கெப் வண்டியைத் தேடுதல் முறை. வீட்டு வண்டியை நிறுக்கும்போது வெறும் வண்டியை நிறுத்தாற் போதாது. ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோ. 200 லீற்றர் தாங்கி நிரம்பினால் 200 கிலோ. அரிசியும் பாத்திரமும் படுக்கையும் இதன்மேல். அமெரிக்க வண்டிகளில், ஆட்களும் பொருளும் சேர்ந்து எவ்வளவு நிறை ஏற்றலாம் என்னும் அளவு, சாரதியின் கதவருகே ஒட்டப்பட்ட சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும். விளம்பரத்தை விடுத்து அச்சீட்டை வாசிக்க வேண்டும். அங்கு 'அரைத்தொன்', 'முக்கால்தொன்', 'ஒரு தொன்' என வழங்கும் வகைப் பெயர்கள் பழைய வழக்கின் எச்சங்களே. இன்றைய வண்டிகளின் உண்மை அளவை அவை காட்டுவதில்லை. மிகப் பெரிய வீட்டு வண்டிகளுக்குப் பின் அச்சில் நான்கு ரயர்கள் கொண்ட கெப் வண்டியே பொருந்தும். அத்தகைய வண்டி விலை மிகுந்தது. எண்ணெயும் மிகுதியாகக் குடிக்கும். வெறுமையாய் ஓடும்போது உடலைக் குலுக்கும். பின்பெட்டியின் நீளமும் கவனிக்கத்தக்கது. பெட்டி குறுகியதாயின், கூர் வளைவில் திரும்பும்போது வீட்டு வண்டியின் மூலை சாரதியின் முதுகுப்புறக் கண்ணாடியில் மோதக்கூடும்.

இனி மலைக்கு வருவோம். இரத்தோட்டையிலிருந்து நக்கிள்ஸ் மலைத்தொடரை ஊடறுத்து லக்கலைப் பக்கம் செல்லும் பாதை, றிவர்ஸ்டனில் கடல் மட்டத்திலிருந்து 1,000 மீற்றருக்கு மேல் ஏறி, பின்னர் வளைந்து வளைந்து இறங்குகிறது. அப்பாதையில் ஏறுகின்ற வண்டியைக் கண்டு நாம் வியக்கிறோம். ஏற முடியாத வண்டி நின்றுவிடும், அவ்வளவே. இறங்கும்போது நிற்க முடியாத வண்டியின் கதை வேறு. பின்னாலுள்ள பாரம் முன்வண்டியைத் தள்ளத் தொடங்குகிறது. வேகம் இருமடங்கானால், நிறுத்துவதற்கு அழிக்க வேண்டிய ஆற்றல் நான்மடங்காகிறது. அவ்வாற்றல் முழுவதும் பிறேக்கில் வெப்பமாக மாறும்; வெப்பம் அளவு கடந்தால் பிறேக் பிடியாது. பெருந்தேர் ஓடக் கண்டவர்கள் இதனை அறிவர். வடம் பிடிப்போர் நூற்றுக்கணக்கானோர். ஆயினும் வீதியில் நிற்போரைக் காப்பது சக்கரத்தின்கீழ் முட்டுக்கட்டை இடுபவரின் கையே.

இதற்கு ஒரு சான்று நம் நாட்டுச் சாலைகளிலேயே ஓடுகிறது. ரொயோட்டா ஹைலக்ஸ் கெப் வண்டியின் அண்மைக்கால மாதிரிகள் பலவற்றுக்கு, தனக்கென பிறேக் உடைய பின்வண்டியானால் 3,500 கிலோ வரை இழுக்கலாம் என்று பல நாடுகளில் அளவு விதித்துள்ளனர். பின்வண்டிக்குப் பிறேக் இல்லையாயின் அவ்வளவு 750 கிலோவாகக் குறைகிறது. இயந்திரம் ஒன்றே, குதிரை வலுவும் ஒன்றே. வேறுபாடு நிறுத்தும் ஆற்றலில் மட்டுமே.

ஐந்தாம் சக்கர வீட்டு வண்டி நம் கொண்டை ஊசி வளைவுகளுக்கு ஏற்றதன்று. ஆயினும் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி ஏற்றுபவருக்கும், லாண்ட் மாஸ்டரின் பின்னே பெட்டி பூட்டிக் குடும்பத்தை ஏற்றிச் செல்பவருக்கும் இக்கணக்கு அப்படியே பொருந்தும். வண்டி வாங்குமுன் மூன்று வினாக்களை எழுப்புக. ஏற்றப்போகும் பாரம் முழுமையாக எவ்வளவு? அதில் எவ்வளவு முன்வண்டியின் மேல் இறங்கும்? நம் ஊரின் மிகச் செங்குத்தான இறக்கத்தில் அப்பாரத்தை நிறுத்த எத்தனை சக்கரங்களுக்குப் பிறேக் உண்டு? இவற்றுக்கு விடை கிடைத்தபின் குதிரை வலுவைப் பற்றி விசாரிக்கலாம். எந்தக் கியரில் ஏற வேண்டுமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்னும் பழஞ்சாரதிகளின் விதியையும் மறவாதிருத்தல் நலம்.

மயிற்பீலிபோல் மெல்லிய பொருளே ஆயினும், அளவிறந்து ஏற்றினால் அச்சு முறியும் என்னும் உண்மையை வள்ளுவர் 'வலியறிதல்' அதிகாரத்தில் வைத்தார். வண்டியை இழுக்கும் எருதின் பெருமையை அவர் அங்கே பேசவில்லை. பாரத்தைத் தாங்கும் அச்சின் எல்லையையே பேசினார். கெப் வண்டி வாங்கச் செல்வோரும் அவ்வாறே முதலிற் குனிந்து அச்சைப் பார்ப்பாராக.