ஆடத் தெரியாத இரசிகர்

ஓடவும் பந்தெறியவும் வலுவற்றவருக்கு விளையாட்டு மைதானத்தில் என்ன வேலை என்று கேட்போர் உளர். நாயனம் வாசிக்கத் தெரியாதவர்கள் அன்றோ கோயில் திருவிழாவில் விடியும்வரை இருந்து மேளச் சமாவுக்குத் தலையசைக்கின்றனர்! ஆட்டத்தை இரசிப்பதற்கும் உடல்வலு வேண்டுவதில்லை, பயிற்சியே வேண்டும்.

கிரிக்கெட்டை எடுத்துக்கொள்வோம். முதலில் விதிகளை அறிதல் வேண்டும். பின்னர், பந்தை மாத்திரம் பாராது, அணித்தலைவர் களத்தடுப்பாளரை எங்கே, எதற்காக நிறுத்துகின்றார் என்பதையும் நோக்குதல் வேண்டும். பந்துக்குப் பந்து ஓட்டக் கணக்கை ஒரு கொப்பியிற் குறித்து வந்தால், ஓட்டமே பெறப்படாத ஓவரிலும் கடும் போராட்டம் நிகழ்வது புலப்படும்.

இத்தகைய இரசனையின் சிறப்பைச் சென்னைச் சேப்பாக்கம் மைதானம் 1999 ஜனவரி 31 இற் கண்டது. பாகிஸ்தானை வெல்ல இந்தியாவுக்கு 271 ஓட்டங்கள் தேவைப்பட்டன. முதுகுவலியைப் பொறுத்து ஆடிய சச்சின் தெண்டுல்கர் 136 ஓட்டங்கள் பெற்று ஆட்டமிழந்தபோது, எஞ்சியவை 17 ஓட்டங்களே. ஆயினும், கடைசி மூன்று விக்கெட்டுகளும் நான்கு ஓட்டங்களுக்குள் வீழ்ந்தன. பாகிஸ்தான் 12 ஓட்டங்களால் வென்றது. அரசியற் பகை நிலவிய நாட்டின் அணி அது. எனினும் சென்னை மக்கள் எழுந்து நின்று கரவொலி செய்தனர். வென்ற அணியினர் மைதானத்தை வலம் வந்து அதனை ஏற்றனர்.

அங்கே கைதட்டியோருட் பெரும்பாலோர் ஆட்டவீரர் அல்லர். ஆட்டத்தை அறிந்தவர்கள், ஆதலால் தோல்வியிலும் திறமையைக் கண்டனர்.

மாணவர்களே! கல்லூரி அணியில் இடங்கிடைக்கவில்லையென்று மைதானத்தை வெறுத்து ஒதுங்காதீர்கள். எதிரணியின் நல்ல பந்துக்கு மனமாரக் கைதட்டப் பழகுங்கள். அப்பழக்கம் மைதானத்துக்கு வெளியிலும் உங்களுக்குத் துணைநிற்கும்.