எட்டுக்கு நாலில் ஒரு வீடு

2019-இல் சென்னையில் ஒரு ஆட்டோவின் முதுகில் வீடு ஏறியது. கட்டியவர் நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூரைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் அருண் பிரபு. பெயர் 'சோலோ 01'. மொத்தப் பரப்பு 36 சதுர அடி. அதற்குள் படுக்கை, சமையலிடம், கழிப்பறை, குளிக்கத் தொட்டி, மேலே நிழலோடு உட்கார ஒரு மாடி. 600 வாட் சூரியத் தகடும் 250 லிட்டர் தண்ணீர்த் தொட்டியும் உண்டு. கழிவாக ஒதுக்கிய பொருள்களையே பெரும்பாலும் பயன்படுத்தியதால் செலவு ஒரு லட்ச ரூபாய் அளவில் முடிந்தது. 2021-இல் தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா அதைப் பாராட்டி ட்விட்டரில் எழுத, படம் நாடெங்கும் சுற்றியது.

படத்தைப் பார்த்தவர்கள் மாடியைப் பார்த்து வியந்தார்கள். வண்டி ஓட்டிப் பழகியவர் கண் தண்ணீர்த் தொட்டிக்குத்தான் போகும். நிரம்பினால் கால் டன். வண்டி நிற்கும்போது அந்தக் கால் டன் எங்கே இருந்தாலும் ஒன்றுதான். ஓடும்போது அப்படியில்லை.

அருண் பிரபுவின் வீடு வண்டியின் மேல் உட்கார்ந்திருக்கிறது. காருக்குப் பின்னால் இழுபட்டு வரும் வீடு ஒன்று உண்டு. அதை ஆசைக்குச் செய்து பார்க்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்: டியர்டிராப் ட்ரெய்லர். பக்கவாட்டில் பார்த்தால் படுத்துக் கிடக்கும் நீர்த்துளி. முன்பக்கம் உருண்டை, பின்பக்கம் சரிவு. 1930-களின் அமெரிக்காவில் கையில் காசில்லாதவர்கள் வீட்டிலேயே அடித்துக்கொண்ட வண்டி இது. 1947-இல் 'பாப்புலர் மெக்கானிக்ஸ்' இதழ் அதன் செய்முறையை வரைபடத்தோடு வெளியிட்டது. போர் ஓய்ந்து அலுமினியத் தகடு தாராளமாகக் கிடைத்த நேரம். தச்சு வேலை கொஞ்சம் தெரிந்தவரெல்லாம் இறங்கிவிட்டார்கள்.

உள்ளே நிற்க முடியாது. இரண்டு பேர் படுக்கலாம், அவ்வளவுதான். பின்பக்க மூடியைத் தூக்கினால் அங்கேதான் அடுப்படி. சமைப்பவர் வெளியே தரையில் நின்று சமைக்க வேண்டும். இதைக் குறை என்று நினைப்பவருக்கு இந்த வண்டி ஒத்துவராது.

அளவைத் தீர்மானித்தது பிளைவுட் தகடு. எட்டடி நீளம், நாலடி அகலம். ஒரு தகடு தரை, இரண்டு தகடு பக்கச் சுவர்கள். கதவைத் தனியாகச் செய்வதில்லை. சுவரில் வெட்டி எடுத்த துண்டே கதவாகிவிடும். வீணாவது மூலைத் துண்டுகள் மட்டும்.

வளைவு காற்றைக் கிழிப்பதற்கு என்று சொல்வார்கள். பாதிதான் உண்மை. மேலிருந்து பார்த்தால் இது செவ்வகப் பெட்டி. துளி வடிவம் பக்கத் தோற்றத்தில் மட்டும்தான். வானத்திலிருந்து விழும் பெரிய மழைத்துளியே இந்த வடிவில் இருப்பதில்லை, அடிப்பக்கம் தட்டையாகத்தான் விழுகிறது. இந்த வண்டியின் உண்மையான லாபம் அதன் குள்ளம். காரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வருகிறது. பக்கக் காற்றுக்குக் காட்டும் உடம்பும் சிறியது.

இராமநாதபுரம் கடற்கரையில் இதைச் செய்ய ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. வத்தை, வள்ளம் என்று படகு கட்டிய கைகள் இங்கே இருக்கின்றன. வளைவு வரைவதற்கு அவர்கள் கணக்குப் போடுவதில்லை. தகட்டின் மேல் நாலைந்து இடத்தில் ஆணி அடித்து, மெல்லிய மர ரீப்பர் ஒன்றை ஆணிகளுக்கு வெளியே வளைத்துப் பிடித்து, அதை ஒட்டிப் பென்சிலை இழுத்தால் கோடு தயார். ரீப்பர் தன் போக்கில் வளைவதால் எங்கும் முறிவோ மேடோ விழாது. முதல் சுவரை வெட்டி, அதையே இரண்டாவதன் மேல் வைத்து வரைந்துகொள்ள வேண்டும். கூரைக்குத் தடித்த பிளைவுட் வளையாது. மூன்று, நான்கு மில்லிமீட்டர் தகடு இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசை தடவி, குறுக்குச் சட்டங்களின் மேல் அழுத்தி வளைப்பார்கள். கதவின் கீலை முன்பக்கமாக வைக்க வேண்டும். ஓடும்போது தாழ் கழன்றாலும் காற்றே கதவைச் சாத்திவிடும்.

பிளைவுட் வாங்கும்போது ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைக்காரர் 'மரைன் பிளை' என்பார். சாதாரணத் தகடு இந்தக் கடற்கரையில் அடுக்கடுக்காக உரிந்துவிடும். மரைன் பிளையின் மேல் படகுக்குப் போடுவதுபோலவே ஃபைபர் ஒட்டலாம்: கண்ணாடியிழைப் பாயை விரித்து ரெசினை ஊற்றி ரோலரால் உருட்டிக் காற்றுக் குமிழியை வெளியேற்றும் வேலை. இங்கே இரண்டு எச்சரிக்கை. ரெசினில் சேர்க்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் ஒன்றோடொன்று நேராகக் கலக்கவே கூடாது, வெடித்துத் தீப்பிடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அப்புறம்தான் கேட்டலிஸ்ட். இன்னொன்று, வெயிலுக்காகச் சுவரின் நடுவில் வைக்கும் தெர்மாகோல். படகு ரெசினில் ஸ்டைரீன் இருக்கிறது. ஒரு சொட்டுப் பட்டாலும் தெர்மாகோல் கரைந்து குழி விழும். இரண்டு பலகைக்கு நடுவே அதை வைத்து ஓரங்களை முழுவதும் அடைத்த பிறகே ரெசின் டப்பாவைத் திறக்க வேண்டும்.

வெப்பத்தைத் தெர்மாகோல் தடுக்கும், மூச்சின் ஈரத்தைத் தடுக்காது. இரண்டு பேர் மூடிய பெட்டிக்குள் தூங்கினால் விடியும்போது சுவர் வியர்த்திருக்கும். எதிரெதிரே இரண்டு ஜன்னலும் கூரையில் ஒரு காற்றுத் துவாரமும் கட்டாயம்.

இனிதான் முக்கியமான விஷயம்: பாரம். நம் ஊர்க் கூண்டு வண்டியும் இரண்டு சக்கரத்தில் ஓடிய படுக்கைதான். மூங்கில் வளைத்த கூண்டு, உள்ளே வைக்கோல், மேலே ஜமுக்காளம்; குடும்பம் திருவிழாவுக்குக் கிளம்பிவிடும். ஏறும்போது வண்டிக்காரர் 'பின்பாரமா இருக்கு, முன்னாடி தள்ளி உக்காருங்க' என்று அதட்டுவார். பின்பாரமானால் நுகத்தடி மேலே தூக்கி மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். முன்பாரமானால் நுகம் கழுத்தை அழுத்தும். அச்சுக்கு முன்னால் கொஞ்சம், அளவாகக் கொஞ்சம் பாரம் கூடியிருக்க வேண்டும். டியர்டிராப் ட்ரெய்லரின் முழு இயற்பியலும் இந்த அதட்டலுக்குள் இருக்கிறது.

கணக்கு இதுதான்: மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கார்க் கொக்கியின் மேல் இறங்க வேண்டும். 400 கிலோ வண்டிக்கு 40 முதல் 60 கிலோ. குறைந்தால் என்ன? மாட்டு வண்டியில் மாட்டுக்குக் கஷ்டம். கார் 70 கிலோமீட்டரில் போகும்போது பின்பாரமான ட்ரெய்லர் பாம்பு போல வளைந்து ஆடத் தொடங்கும். மெதுவாகப் போகும்போது ஒவ்வொரு ஆட்டமும் தானே அடங்கிவிடும். குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் அடங்காமல் ஒவ்வொரு முறையும் பெரிதாகிக்கொண்டே போகும். அந்த நேரம் பயந்து சட்டென்று ஸ்டியரிங்கைத் திருப்பினால் காரையும் சேர்த்துச் சுழற்றிவிடும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, வேகம் தானாகக் குறைய விடவேண்டும்.

அடுப்படி பின்னால் இருப்பதால் இந்த வண்டி இயல்பிலேயே பின்பாரத்துக்கு ஆசைப்படும். அடுப்பு, சிலிண்டர், அரிசி, பாத்திரம், எல்லாம் வாலில்தான். ஆகவே அச்சை நடுவிலிருந்து கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி வைப்பார்கள். தண்ணீர்த் தொட்டி முன்னால் போக வேண்டும். கொக்கியிலிருந்து அச்சு 2.4 மீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். 40 லிட்டர் தண்ணீரை அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் வைத்தால் கொக்கியில் 17 கிலோ குறையும். அதையே ஒரு மீட்டர் முன்னால் வைத்தால் 17 கிலோ கூடும். ஒரே தண்ணீர், வித்தியாசம் 33 கிலோவுக்கு மேல். சோதிக்கக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். வீட்டில் எடை பார்க்கும் மெஷினைச் செங்கல் மேல் வைத்து, சாமான் முழுவதையும் ஏற்றிய பிறகு, கொக்கி காரில் மாட்டும் அதே உயரத்தில் ட்ரெய்லரின் மூக்கை அதன் மேல் இறக்கினால் போதும்.

இந்தச் சோதனையைப் பாம்பன் பாலத்தில் ஏறுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். 1988-இல் திறந்த இந்திரா காந்தி சாலைப் பாலம் 2.345 கிலோமீட்டர் நீளம். சோழகமானாலும் வாடையானாலும் காற்று பாலத்தைக் குறுக்கே அறுத்துக்கொண்டுதான் போகும். பக்கத்து ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவது வழக்கம். அந்தக் காற்றில் நம் குட்டி வண்டியின் பக்கச் சுவரில், பரப்பு இரண்டரை சதுர மீட்டர் என்றால், விழும் தள்ளு சுமார் 45 கிலோ. ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் ஐந்து மீட்டர் நீளப் பெரிய கேரவன் என்றால் 200 கிலோவைத் தாண்டும். காற்றின் வேகம் இருமடங்கானால் தள்ளு நான்கு மடங்கு. குள்ளமாக இருப்பதன் அருமை அங்கேதான் புரியும்.

உப்பு இன்னொரு எதிரி. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்குத் துருவை எண்ணியே துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனிவகைப் பூச்சும் போட்டார்கள். நம் வண்டியில் கவனிக்க வேண்டியது ஸ்க்ரூ. அலுமினியத் தகட்டில் ஸ்டீல் ஸ்க்ரூவை இறுக்கி உப்பீரம் பட்டால் இரண்டு உலோகத்துக்கும் நடுவே சின்ன பேட்டரி உருவாகிவிடும். அதில் தேய்வது அலுமினியம். ஸ்க்ரூவைச் சுற்றி வெள்ளைப் பொடி கிளம்பினால் அதுதான் அறிகுறி. மாட்டும்போதே ஓட்டையில் சீலன்ட் தடவி, நைலான் வாஷர் கொடுத்தால் பல வருடம் தள்ளிப்போகும். அச்சுக்கும் அடிச்சட்டத்துக்கும் பெயின்ட் போதாது, துத்தநாக முலாம் வேண்டும்.

சட்டம் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் கண்ணில் ட்ரெய்லரும் ஒரு வாகனம். தனியாகப் பதிவு செய்ய வேண்டும். பிரிவு 52-இன்படி உற்பத்தியாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. காரில் கொக்கி மாட்டுவதும் இந்தக் கேள்விக்குள் வரும். சோலோ 01-இன் கூட்டை ஆட்டோவோடு போல்ட்டால் மட்டுமே பூட்டியிருந்தார்கள், கழற்றி எடுத்துவிடலாம். எனக்கு அந்த வீட்டில் மாடியைவிடப் பிடித்தது அதுதான். பிளைவுட் வாங்கும் முன்பே டி.என். 65 எண் தரும் இராமநாதபுரம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒரு நடை போய்க் கேட்டுவிடுவது நல்லது. கேள்வி மூன்று: அடிச்சட்டத்தை யாரிடம் வாங்கினால் பதிவு கிடைக்கும், கொக்கிக்கு ஒப்புதல் உண்டா, இன்சூரன்ஸ் யார் தருவார்கள்.

பதில் சாதகமாக வந்தால், இரவு தங்க தனுஷ்கோடியை நம்ப வேண்டாம், பொழுது சாயும்போது அங்கிருந்து வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அரியமான் கடற்கரைப் பக்கம் சவுக்குத் தோப்போரம் கெட்டித் தரை கிடைக்கும். தோப்புக்காரரிடம் கேட்டுக்கொண்டு நிறுத்தலாம். மணலில் இறக்கினால் சின்ன டயர் புதையும், காரும் சேர்ந்து மாட்டும். நிறுத்தும்போது மூக்கைக் காற்றுக்குக் காட்டி நிறுத்தினால் அடுப்படி மறைவில் வரும், சிம்மில் வைத்த அடுப்பும் அணையாது.