தாழ்ப்பாள் தொலைந்த நொதி

நாட்பட்ட மைலாய்டு லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோய்க்கு 1990-கள் வரை மருத்துவர் கையில் இருந்தவை புசல்ஃபான், ஹைட்ராக்சியூரியா, இன்டர்ஃபெரான் ஊசி, கொடையாளி கிடைத்தால் எலும்பு மஜ்ஜை மாற்று. பெரும்பாலோருக்குச் சில ஆண்டுகளிலேயே நோய் முற்றிவிடும். இன்று நோயாளி வீட்டிலேயே மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்வருகிறார். மருந்துக்கு நோய் நன்றாகக் கட்டுப்பட்டவர்களின் ஆயுள் மற்றவர்களின் ஆயுளை நெருங்கிவிட்டது.

நோய்க்குக் காரணம் ஏபிஎல் என்ற நொதி. ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறிலிருந்து பாஸ்பேட்டை எடுத்து வேறு புரதங்களில் ஒட்டும் கைனேஸ் வகை அது. அதை அடக்கும் இமாடினிப் 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் அதை உருவாக்கிய வேதியியலாளர்களிடம் ஏபிஎல்-இன் படம் இல்லை. ‘மனித உடலில் 500-க்கும் மேற்பட்ட கைனேஸ்கள் உண்டு, எல்லாமே ஏடிபியைப் பிடிப்பவை. இதில் ஒன்றை மட்டும் மருந்து எப்படிக் கண்டுபிடிக்கும்?’ என்ற சந்தேகம் பலருக்கு இருந்தது.

2000-இல் விஞ்ஞானி ஜான் குரியனின் குழு வெளியிட்ட படிக உருவம் இதற்கு விடை சொன்னது. வேலை செய்யும்போது கைனேஸ்கள் ஏறக்குறைய ஒரே சாயலில் இருக்கும். ஓய்ந்திருக்கும்போதுதான் ஒவ்வொன்றும் தனித்தனி வடிவம் கொள்ளும். இமாடினிப், ஏபிஎல் ஓய்ந்திருக்கும் வடிவத்தைப் பிடித்துக்கொண்டு, அதை விழிக்கவிடாமல் வைத்திருந்தது.

அந்த ஓய்வு எப்படி வருகிறது என்பது 2003-இல் தெரிந்தது. ஏபிஎல்-இன் ஒரு வடிவத்தில், தலைமுனையில் 14 கார்பன் கொண்ட மிரிஸ்டிக் என்ற கொழுப்பமிலம் ஒட்டியிருக்கிறது. அது நொதியின் அடிப்பாகத்தில் உள்ள ஒரு குழிக்குள் நுழைகிறது. அங்குள்ள சுருள் ஒன்று வளைகிறது. எஸ்எச்2, எஸ்எச்3 என்ற பகுதிகள் முதுகுப்புறம் வந்து இறுக்கிப் பிடிக்கின்றன. தாழ்ப்பாள் விழுந்துவிட்டது. வேலை நடக்கும் இடமோ இந்தக் குழியிலிருந்து வெகுவாகத் தள்ளி இருக்கிறது.

இந்த நோயில் 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்ளும்போது இந்தத் தலைமுனை அறுபட்டு, அந்த இடத்தில் பிசிஆர் என்ற புரதத்தின் பகுதி வந்து சேர்கிறது. தாழ்ப்பாள் போனது போதாதென்று, பிசிஆர் நொதிகளை நான்கு நான்காகச் சேர்த்து, ஒன்றையொன்று முடுக்கிவிடவும் செய்கிறது. ரத்த அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன.

இமாடினிப்புக்கும் ஒரு தடை வந்தது. நொதியின் 315-ஆம் இடத்தில் திரியோனைன் என்ற அமினோ அமிலம் போய் ஐசோலூசின் வந்துவிட்டால், அந்த மருந்தால் அங்கே உட்கார முடிவதில்லை. ஆனால் கொழுப்பமிலம் இல்லாமல் போனாலும், அது நுழைந்த குழி மட்டும் நோயுற்ற நொதியிலும் அப்படியே இருக்கிறது. 2021-இல் அனுமதி பெற்ற அசிமினிப் அந்தக் குழியில்தான் போய் அமர்கிறது. அது ஏடிபி இருக்கும் பக்கமே போவதில்லை. 315-இல் மாற்றம் வந்த நோயாளிகளிடமும் கூடுதல் அளவில் வேலை செய்கிறது.

அன்று மருந்து முதலில் வந்தது, அதன் காரணம் பிறகு புரிந்தது. இன்று நொதி தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும் விதத்தைப் பார்த்துவிட்டு, அந்த வேலையையே மருந்திடம் ஒப்படைக்கிறார்கள்.