புடைத்த டயரும் தள்ளிப்போட்ட நட்டமும்

தார்நாகாவில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில், சென்ற மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், அண்டை வீட்டு இளைஞர் தம் காருக்கு அருகே குந்தி அமர்ந்திருந்தார். பல ஆண்டுச் சேமிப்பைக் கொண்டு அவர் ஆசையாக வாங்கிய இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் அது. முந்தைய இரவு ஹப்சிகூடாவிலிருந்து திரும்பும்போது, மழைநீர் மூடியிருந்த குழி ஒன்றில் முன்சக்கரம் இறங்கி ஏறியிருக்கிறது. காற்று இறங்கவில்லை, வண்டியும் வழக்கம்போல் வீடு வந்து சேர்ந்துவிட்டது. காலையில் வண்டியைத் துடைக்கும்போதுதான், டயரின் பக்கச்சுவரில் பாதி எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்து வைத்தாற்போன்ற புடைப்பு ஒன்று அவர் கண்ணில் பட்டது.

மறுநாள் விடியற்காலையில் அவர் தம் மனைவியுடன் ஏறக்குறைய 270 கிலோமீட்டர் தொலைவிலுள்ள விஜயவாடாவுக்கு ஒரு திருமணத்திற்காகப் புறப்பட வேண்டும். "டயர் மாற்றி ஏழு மாதந்தான் ஆகிறது சார். போய்வந்து பார்த்துக்கொள்ளலாம் அல்லவா?" என்று கேட்டார்.

நான் வணிகவியல் படித்தவன், மெக்கானிக் அல்லன். ஆயினும் அந்தக் கேள்வி எனக்குப் பழக்கமானதே. திரும்பி வராது என்று தெரிந்துவிட்ட பணத்தை இன்னும் சில மாதம் ஏட்டில் சொத்தாகவே வைத்திருக்க விரும்பும் மனம் எழுப்பும் கேள்வி அது. நட்டத்தைக் கண்ட அன்றே ஏற்றுக்கொண்டால் அது அந்த அளவோடு நிற்கும், தள்ளிப்போட்டால் வளரும். வங்கித் தொழில் எனக்குக் கற்பித்த இந்தப் பாடம் டயருக்கு இன்னும் கடுமையாகப் பொருந்தும்.

புடைப்பு என்பது என்ன?

டயர் வெறும் ரப்பரால் ஆனதன்று. அதன் உடலுக்குள் பாலியெஸ்டர் போன்ற வலிமையான இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை நெருக்கமாக ஓடுகின்றன. காற்றின் அழுத்தத்தைத் தாங்குபவை இந்த இழைகளே. சக்கரம் குழியின் விளிம்பிலோ நடைபாதைக் கல்லிலோ வேகமாக மோதும்போது, பக்கச்சுவர் அந்த விளிம்புக்கும் ரிம்முக்கும் இடையே நசுங்குகிறது. அப்போது சில இழைகள் அறுந்துவிடலாம். அறுந்த இடத்தில் காற்றைத் தடுத்து நிறுத்த ரப்பர் மட்டுமே எஞ்சுகிறது. அது வெளியே பிதுங்குவதே புடைப்பு.

33 பி.எஸ்.ஐ. அழுத்தம் என்றால், ஒவ்வொரு சதுர அங்குலத்தின் மீதும் 33 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 15 கிலோ விசை அழுத்துகிறது என்று பொருள். மூன்று சதுர அங்குலப் புடைப்பு ஒன்று, இழைகளின் துணையின்றி 45 கிலோ விசையைத் தாங்கி நிற்கிறது. வண்டி ஓடும்போது ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் மடங்கி நிமிர்கிறது. 18 அங்குல ரிம் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார் டயர், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 13 முறைக்கு மேல், ஒரு மணி நேரத்தில் 48,000 முறைக்கு மேல் சுழலும். அடுத்த வேகத்தடையில் அது வெடிக்குமா, ஆயிரம் கிலோமீட்டர் கழித்து வெடிக்குமா என்பதை எவராலும் கணித்துச் சொல்ல இயலாது. காற்றழுத்தம் குறையாததால், அழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவியும் எச்சரிக்காது.

ஒரு வேறுபாட்டை நினைவிற்கொள்க. ரேடியல் டயரின் பக்கச்சுவரில் உட்புறமாகக் காணப்படும் மெல்லிய பள்ளக்கோடு, இழைத்தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று இணையும் இடத்தின் அடையாளம். பொதுவாக அதனால் தீங்கில்லை. வெளிப்புறமாகப் பிதுங்குவதே ஆபத்து.

ஸ்போர்ட்ஸ் காருக்கு ஏன் இது அதிகம்?

அண்டை வீட்டாரின் டயரில் "245/40 ஆர் 18" என்று பொறித்திருந்தது. அகலம் 245 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அதில் 40 விழுக்காடு, அதாவது 98 மில்லிமீட்டர். சிறிய குடும்பக் கார்களில் காணப்படும் "165/80 ஆர் 14" டயரில் இவ்வுயரம் 132 மில்லிமீட்டர். வளைவுகளில் வண்டி தள்ளாடாமல் திரும்பவே ஸ்போர்ட்ஸ் கார்களில் பக்கச்சுவரைக் குட்டையாக அமைக்கிறார்கள். ஆனால் குழியின் அடியை உள்வாங்கிக்கொள்ள அங்கே இடம் குறைவு. காற்று குறைவாக இருந்தால் இடம் இன்னும் குறையும்.

பந்தயக் களத்தில் ஒரு சான்று

2005 ஜூன் 17ஆம் நாள், அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் களத்தில் ஃபார்முலா ஒன் பயிற்சியின்போது, ரால்ஃப் ஷூமாக்கர் ஓட்டிய டொயோட்டா காரின் இடப்பக்கப் பின் டயர் 13ஆவது வளைவில் செயலிழந்து, கார் சுவரில் மோதியது. அந்தச் சாய்வான வளைவின் விசையைத் தம் டயர்களின் பக்கச்சுவர் பந்தயம் முழுவதும் தாங்கும் என்று உறுதியளிக்க மிஷலின் நிறுவனத்தால் இயலவில்லை. வளைவில் வேகத்தைக் குறைக்கும் ஏற்பாடு வேண்டும் என்ற கோரிக்கையும் ஏற்கப்படவில்லை. ஜூன் 19 அன்று, மிஷலின் டயர் பூட்டிய 14 கார்களும் அணிவகுப்புச் சுற்று முடிந்ததும் பந்தயத்தைத் தொடங்காமலே விலகின. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் பூட்டிய ஆறு கார்களே ஓடின.

அவற்றுள் ஒன்றை ஓட்டியவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன். நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்ற அவரே ஃபார்முலா ஒன்னில் புள்ளி பெற்ற முதல் இந்தியர். அந்தப் பெருமையை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். விலகிச் சென்ற 14 பேரையும் சேர்த்து நினைக்க வேண்டும் என்பதே என் கருத்து. திரண்டிருந்த கூட்டத்தின் முன்னே, உலகின் தேர்ந்த ஓட்டுநர்களும் அணிகளும் உறுதியில்லாத பக்கச்சுவரை நம்பி ஓட மறுத்தார்கள். நமக்கோ ஒரு திருமணத்திற்குக் குறித்த நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்பதே போதிய காரணமாகத் தோன்றிவிடுகிறது!

நீதிமன்றத்தின் பார்வை

2010ஆம் ஆண்டு புனேயிலிருந்து மும்பைக்குச் சென்ற கார் ஒன்றின் பின்சக்கர டயர் வெடித்து, கார் பள்ளத்தில் விழுந்ததில், அதில் பயணம் செய்த ஒருவர் உயிரிழந்தார். அவர் குடும்பத்துக்கு 1.25 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. டயர் வெடித்தது இறைவன் செயல், ஓட்டியவரின் கவனக்குறைவன்று என்று காப்பீட்டு நிறுவனம் மேல்முறையீட்டில் வாதிட்டது. பம்பாய் உயர் நீதிமன்றம் 2023இல் அதை ஏற்க மறுத்தது. மிகு வேகம், கூடிய அல்லது குறைந்த காற்று, பழைய டயர், வெப்பம் முதலியவற்றால் டயர் வெடிக்கும் என்றும், புறப்படும் முன் டயரின் நிலையைச் சோதிப்பது ஓட்டுபவர் அல்லது உரிமையாளரின் கடமை என்றும் அது சுட்டியது. புடைப்பைக் கண்ணால் கண்ட பிறகும் புறப்படுபவர், பின்னர் எதையும் விதியின் மேல் போட முடியாது.

செய்ய வேண்டியவை

முதலாவது, வண்டியை நெடுஞ்சாலையில் ஏற்றாதீர்கள். வழியில் கண்டால் மெல்ல ஓரங்கட்டி நிறுத்துங்கள். ஸ்டெப்னி இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். அது ஒல்லியான தற்காலிகச் சக்கரமாக இருந்தால், அதில் எழுதியுள்ள வேக வரம்பை மீறக்கூடாது. பல ஸ்போர்ட்ஸ் கார்களில் ஸ்டெப்னி இராது. உடன் தரப்படும் அடைப்புப் பசை பஞ்சருக்கு மட்டுமே உதவும், புடைப்புக்கு உதவாது. அந்நிலையில் வண்டியை மேடையில் ஏற்றிச் செல்லும் மீட்பு வாகனத்தை அழைப்பதே முறை.

இரண்டாவது, புடைப்பைப் பழுதுபார்க்க இயலாது. ஒட்டு, சூட்டு ஒட்டு, உள்ளே ட்யூப் ஆகிய எதுவும் அறுந்த இழைகளை மீண்டும் இணைக்காது.

மூன்றாவது, டயரைக் கழற்றும்போது ரிம் வளைந்துள்ளதா, விரிசல் உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். மற்ற மூன்று டயர்களின் உட்பக்கச் சுவரையும் ஜாக்கி வைத்துத் தூக்கிப் பார்க்க வேண்டும். வீல் அலைன்மென்ட்டும் பேலன்சிங்கும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, புதிய டயர் அதே அளவினதாகவும், குறைந்தது அதே சுமை எண்ணும் வேகக் குறியும் கொண்டதாகவும் இருக்க வேண்டும். "97 ஒய்" என்றால் 730 கிலோ சுமையும் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகமும் தாங்கும் என்று பொருள். தயாரிப்பு நாளையும் பாருங்கள்: "3223" என்றால் 2023ஆம் ஆண்டின் 32ஆவது வாரம்.

காப்பீடும் உத்தரவாதமும்

வழக்கமான முழுமைக் காப்பீட்டில், வாகனத்தின் மற்ற பகுதிகளும் அதே விபத்தில் சேதமடைந்தாலன்றி, டயருக்கு மட்டும் இழப்பீடு கிடையாது. அப்போதும் மாற்றும் செலவில் பாதியே வரம்பு. டயருக்கெனத் தனிக் கூடுதல் காப்பு எடுத்தவர்கள், புடைப்பு அதில் சேர்ந்துள்ளதா என்று பத்திரத்தில் பார்க்க வேண்டும். டயரை மாற்றுவதற்கு முன்பே படம் எடுத்து நிறுவனத்துக்குத் தெரிவித்துவிடுவது நல்லது. தயாரிப்பாளரின் உத்தரவாதம் பொதுவாக உற்பத்திக் குறைக்கே பொருந்தும். குழியில் பட்ட அடிக்குப் பொருந்தாது. சில டயர்களுக்கு மட்டும் நிபந்தனையற்ற உத்தரவாதம் உண்டு. எனவே ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஸ்போர்ட்ஸ் கார் டயர் ஒன்றின் விலை ஐந்து இலக்கத்தில் இருக்கும். வண்டி வாங்கத் திட்டமிடும்போதே, மாதத் தவணையுடன் டயருக்கும் ஒரு சிறு தொகையை ஒதுக்கிவைப்பது அறிவுடைமை.

அண்டை வீட்டார் மறுநாள் செகந்திராபாத்திலிருந்து ரயிலில் விஜயவாடா சென்று திருமணத்தைக் கண்டு திரும்பினார். அடுத்த வாரம் அவருடன் நானும் டயர் கடைக்குப் போயிருந்தேன். கழற்றிய டயரின் உட்புறத்தில், புடைப்புக்கு நேராக, விரல் நீளத்துக்கு ஒரு மடிப்பு ஓடியிருந்தது. கடைக்காரர் பழைய டயரைச் சில நூறு ரூபாய்க்குத் தாமே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். தரையைத் தொடும் பகுதி இன்னும் புதிதுபோலவே இருந்தது. யாரேனும் ஒருவர் மலிவென்று வாங்கித் தம் வண்டியில் பூட்டிக்கொள்வார். இளைஞர் சற்று யோசித்தார். பிறகு, தமக்குப் பணம் வேண்டாம் என்றும், பக்கச்சுவரைத் தம் கண்முன்னே அறுத்துவிட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

அறுக்கும்வரை நாங்கள் அங்கேயே நின்றிருந்தோம். அவருடைய கணக்கு அன்றுதான் முழுமையாக முடிந்தது.