கசடு இறைக்கும் பம்பு: எப்போது மாற்றுவது, எதை வாங்குவது?

நகரக் கழிவு நீரைச் சுத்திகரித்து விடும் நீரில் பயிர் செய்யும் விவசாயிகள் பலர் உள்ளனர். அந்நீர் சில நாள் தெளிவாகவும், சில நாள் கருத்து நாற்றத்துடனும் வருமாயின், சுத்திகரிப்பு நிலையத்தில் கசடு இறைக்கும் பம்பு அடிக்கடி பழுதாவதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கசடு தங்கினால் என்ன ஆகும்?

வண்டல் தொட்டியில் கழிவு நீர் தேங்கி நிற்கும்போது திடப்பொருள்கள் அடியில் படிகின்றன. இவற்றை அவ்வப்போது இறைத்து அகற்ற வேண்டும். பம்பு நின்றால் கசடு அழுகி வாயு உண்டாகும். வாயுக் குமிழிகள் கசடை மேலே தூக்கிவர, அது தெளிந்த நீருடன் கலந்து வாய்க்காலை அடைகிறது. கசடில் நோய்க்கிருமிகளும் குடற்புழு முட்டைகளும் மிகுதி. எனவே கீரை, காய்கறி பயிரிடுவோருக்கு இது முக்கியமான செய்தியாகும்.

சாதாரண பம்பு ஏன் தாங்குவதில்லை?

கிணற்றில் பொருத்தும் மையவிலக்குப் பம்பு, தண்ணீருக்காக வேகமாகச் சுழலும்படி அமைந்தது. கசடிலுள்ள துணி, முடி, நார் ஆகியவை இம்பெல்லரில் சுற்றிக்கொள்ளும். மணல் அதைத் தேய்க்கும். வேகமாக இழுக்கும்போது கசடின் நடுவே குழி விழுந்து, மேலுள்ள தண்ணீரே பம்புக்குள் போகும். கெட்டிக் கசடு ஓரத்திலேயே நிற்கும்.

மாற்றுப் பம்பு

மெல்லிய கசடுக்கு, இம்பெல்லர் பின்னால் ஒதுங்கி, முன்னால் திறந்த இடம் உள்ள பம்பு போதும். கெட்டிக் கசடுக்கு ஸ்குரு பம்பு ஏற்றது. இதில் ரப்பர் உறைக்குள் சுருள் வடிவ எஃகுத் தண்டு மெதுவாகச் சுழன்று, கசடைச் சிறிது சிறிதாக முன்னே தள்ளுகிறது. இந்த அமைப்பை 1930-களில் பிரெஞ்சுப் பொறியாளர் ரெனே மொய்னோ உருவாக்கினார்.

கெட்டியாக இறைப்பதில் ஆதாயம் உண்டு. 1 விழுக்காடு திடப்பொருள் உள்ள 1,000 லிட்டர் கசடில் சுமார் 10 கிலோ திடப்பொருள் இருக்கும். அதையே 4 விழுக்காடாகக் கெட்டியாக்கினால் 250 லிட்டர் இறைத்தால் போதும்.

கவனிக்க வேண்டியவை

1. ஸ்குரு பம்பை வெறுமையாக ஓட்டக்கூடாது. சில நிமிடங்களில் ரப்பர் உறை கருகிவிடும்.

2. வெளியேற்றும் வால்வை மூடிவைத்து ஓட்டக்கூடாது. அழுத்தம் ஏறிக் குழாய் வெடிக்கலாம். அழுத்தம் மிகுந்தால் மோட்டாரை நிறுத்தும் சுவிட்சு அவசியம்.

3. மணலையும் துணியையும் முன்னதாகவே பிரிக்க வேண்டும். இதைச் செய்யாமல் பம்பை மட்டும் மாற்றினால் புதிய பம்பும் விரைவில் தேயும்.

4. பம்பைத் தொட்டியின் கசடு மட்டத்திற்குக் கீழே வைத்தால், கசடு தானே பம்புக்குள் இறங்கும்.

5. நீண்ட நேரம் தொடர்ந்து இறைப்பதைவிட, சிறிது நேரம் வீதம் பல முறை இறைப்பது நல்லது.

நம் பண்ணையில்

சாணத்தையும் நீரையும் சம அளவில் கரைத்தால், கரைசலில் ஏறத்தாழ 8 முதல் 10 விழுக்காடு திடப்பொருள் இருக்கும். இது பெரும்பாலான நகரக் கசடைவிடக் கெட்டியானது. ஆகவே சாண எரிவாயுக் கலனுக்குக் கிணற்றுப் பம்பைப் பயன்படுத்த வேண்டாம். வைக்கோலையும் கல்லையும் நீக்கியபின் கரைசலைச் சரிவில் தானாக ஓடவிடுவதே சிக்கனம். இயலாவிடில் மேற்கூறிய பம்பு வகைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

பம்பு அடைத்துக்கொண்டால் அதை மேலே தூக்கியே சுத்தம் செய்ய வேண்டும். கசடுக் குழியில் தங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு நொடியில் மயக்கமூட்டிக் கொல்லும். விழுந்தவரைக் காப்பாற்ற இறங்கியவரும் மாண்ட துயரங்கள் பல. எக்காரணம் கொண்டும் குழிக்குள் ஆளை இறக்காதீர்கள்.