மழையில் நின்றுபோகும் மர வேலை

நடவு முடிந்து களையெடுப்பதற்கு முன் கிடைக்கும் சில நாட்களில் வீட்டு மரச் சாமான்களைச் செப்பனிடுவது நமது கிராமங்களில் பலருக்கும் வழக்கம். ஆடும் பெஞ்சுக்குப் புதுக் கால், சமையலறைக்கு ஓர் அலமாரி, கொல்லைக் கதவுக்கு ஒரு சட்டம் என வேலைகள் சேர்ந்திருக்கும். அந்நாட்கள் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் அமைகின்றன. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவ காலத்தில்தான் பெய்கிறது. எனவே, காலையில் முற்றத்தில் பரப்பிய வேலை நண்பகலில் நின்றுபோவது இயல்பே. நின்ற வேலையை எவ்வாறு வைத்துக் காப்பது என்பதை அறியாமையால் நல்ல மரமும் கூலியும் வீணாகின்றன.

வெட்டிய பச்சை மரத்தில் நீர் இரு வகையாகத் தங்கியுள்ளது. நுண்குழல்களின் உட்புறத்தில் நிரம்பிய நீர் ஒன்று. அக்குழல்களின் சுவர்களில் ஊறிய நீர் மற்றொன்று. முதலாவது வெளியேறும்போது எடை குறையும், அளவு குறையாது. ஈரம், உலர்ந்த மரத்தின் எடையில் சுமார் 30 சதவீதத்திற்குக் கீழே இறங்கியபின் சுவர்களிலுள்ள நீர் வற்றி மரம் சுருங்குகிறது. மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தை வாங்கி மீண்டும் விரிகிறது. நீளவாட்டில் இம்மாறுதல் மிகச் சொற்பம், அகலவாட்டில்தான் அதிகம். அதிலும் வளையங்களை ஒட்டிய திசையில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுருங்குவதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. பலகை குவிந்து வளைவதன் காரணம் இதுவே. தேக்கு குறைவாகச் சுருங்கி விரிவதாலேயே அதனைக் கதவுக்கு நாடுகிறோம்.

மழைக்காலத்தில் இறுகிய கதவை உடனே இழைப்புளியால் சீவுவது ஏன் தகாது என்பது இப்போது விளங்கும். ஐப்பசியில் சீவிய கதவு பங்குனியில் இடைவெளி விட்டு நிற்கும். தானிய அறைக் கதவாயின் சுண்டெலிக்கு அதுவே வாசல். முதலில் கீல்களின் திருகாணிகள் தளர்ந்து கதவு தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அவை சரியாயிருப்பின், உராயும் இடத்தைப் பென்சிலால் குறித்து, மெழுகுவர்த்தியைத் தேய்த்து மழைக்காலத்தைக் கழிக்கலாம். கோடையிலும் உராய்ந்தால் மட்டுமே சீவுதல் வேண்டும். கதவின் மேல், கீழ் விளிம்புகளுக்கும் வர்ணம் அவசியம். அங்குள்ள வெட்டுமுகங்களே ஈரத்தை மிக விரைவாக உறிஞ்சும். கண்ணில் படாத இடம் என்பதால் கீழ் விளிம்பு பல வீடுகளில் வர்ணத்தையே கண்டிராது!

வேலை நடுவில் மழை வந்துவிட்டால், மின்சாரக் கருவி எதுவாயினும் முதல் தூறலிலேயே இணைப்பைத் துண்டிக்க வேண்டும். ஈரத் தரையில் நின்று அதனை இயக்குவது உயிருக்கு ஆபத்து. பலகைகளைக் கூரைக்கடியில் தரையில் படாமல், இடையிடையே ஒரே கனமுள்ள குச்சிகள் வைத்து அடுக்குக. தார்ப்பாயை இறுகச் சுற்றினால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். காலையில் தளர்வாகப் பொருந்திய இணைப்பு மறுநாள் இறுகியிருந்தால் கொட்டாப்புளியால் அடித்து ஏற்றக்கூடாது; துளையின் ஓரம் பிளந்துவிடும். ஈரக் காற்றில் அரக்குப் பாலிஷ் பூசினால் வெண்மையாக மங்கிவிடும். மழை நாளில் தச்சர் பாலிஷ் போட மறுத்தால் அதனைச் சோம்பல் என்று நாம் எண்ணலாகாது. அன்று உளியைச் சாணை பிடிக்கலாம், ரம்பத்தைத் துடைத்து எண்ணெய் தடவலாம், இவையும் வேலையே.

மரம் வேலைக்குப் பக்குவமா என்பதை அறியத் தராசு போதும். பலகையை வாரம் ஒருமுறை நிறுத்து எடையை அதன் மீதே எழுதி வருக. எடை குறைந்துகொண்டே வந்தால் அது இன்னும் காயவில்லை. துல்லியமாக அறிய வேண்டின், நடுப்பகுதியில் வெட்டிய சிறு துண்டை நிறுத்து, ஆய்வுக்கூட அடுப்பில் முற்றிலும் உலர்த்தி மீண்டும் நிறுப்பர். 120 கிராம் இருந்தது 100 கிராமாக நின்றால் ஈரம் 20 சதவீதம். வீட்டுச் சாமான்களுக்கு 12 சதவீதத்தை ஒட்டியிருப்பது நலம்.

புயலில் சாய்ந்த மரங்களுக்கும் இது பொருந்தும். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களில் எண்ணற்ற மரங்களை வீழ்த்தியது. அத்தகைய மரங்களைத் தரையிலேயே மழையில் கிடத்தினால் பூஞ்சணமும் வண்டும் பற்றும். விரைவில் பலகையாக அறுத்து, வெட்டுமுகங்களில் மெழுகோ வர்ணமோ பூசி, காற்றோட்டமுள்ள கொட்டகையில் அடுக்கினால் பல ஆண்டுகள் பயன்படும். வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசல் வண்டைத் தடுக்கும். ஆனால் மழைநீர் அதனைக் கரைத்துக்கொண்டு போய்விடுமாதலால், அவ்வாறு பக்குவம் செய்த மரத்தை வீட்டினுள் மட்டுமே உபயோகிக்க வேண்டும்.

பள்ளிக்கோ அங்கன்வாடிக்கோ பெஞ்சு செய்விக்கும் பஞ்சாயத்து, மரத்தை வாங்கும் நாளிலேயே சில பலகைகளை நிறுத்துக் குறித்துக்கொள்வது நல்லது. மூன்று வாரம் எடை மாறாமல் நின்றபின் அறுவைக்கு அனுமதிக்கலாம்.