கேட்டு வாங்கும் உணவு

விக்கிரவாண்டியில் தொடங்கிப் பண்ருட்டி, வடலூர், சேத்தியாத்தோப்பு, கும்பகோணம் என்று ஊர் ஊராகத் தொட்டுக்கொண்டு தஞ்சாவூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், நெய்வேலி நகரியத்தை ஒட்டி அமைந்திருக்கும் வடக்குத்து, விளக்கு வைத்த பிறகுதான் நன்றாக விழித்துக்கொள்கிறது. 1956-ஆம் ஆண்டில் ஏற்பட்ட பழுப்பு நிலக்கரி நிறுவனத்தை நம்பி வாழும் இந்த வட்டாரத்தில், தகப்பனார் இரவு ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் வேளையில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்கள் மாலையில் திரும்பும்போது அவர் அடுத்த ஷிப்டுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருப்பார். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு வாய் சோறு உண்பதே அபூர்வமான குடும்பத்துக்கு, ஓய்வு நாளன்று சாலையோர ஹோட்டலில் ஒரே மேஜையைச் சுற்றி அமர்வது வெறும் வயிற்றுப்பாடு அன்று; அந்த வாரத்தின் பேச்சும் சிரிப்பும் அங்கேதான் நடக்கின்றன.

ஆகையால், ஆரோக்கியத்தின் பெயரால் ஹோட்டலுக்கே போகாதீர்கள் என்று உபதேசம் செய்வதில் எனக்குச் சம்மதமில்லை. அதே சமயம், விஷயம் அலட்சியம் செய்யத்தக்கதும் அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆதரவில் சென்னை விஞ்ஞானிகள் நாடு முழுவதும் நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, பாரதத்தில் பத்துக் கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருக்கிறது. அந்நோயின் வாசலில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடிக்கு மேல். தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதத்தினர் நீரிழிவுக்காரர்கள். அதே குழுவினர் 2025-இல் வெளியிட்ட மற்றொரு ஆராய்ச்சி, நம்மவர்கள் உண்ணும் ஆகாரத்தின் சக்தியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்றும், அதில் சிறிது பங்கைக் குறைத்துப் பருப்பு, பால் முதலியவற்றின் புரதத்தைச் சேர்த்தாலே நீரிழிவின் அபாயம் தணியக்கூடும் என்றும் கூறுகிறது. இவற்றுக்கெல்லாம் ஹோட்டல் காரணம் என்று எவரும் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் நாம் அளந்து போடும் எண்ணெயும் உப்பும் சர்க்கரையும், வெளியில் உண்ணும்போது நம் கண்ணுக்கு மறைவாக, வேறொருவர் கையால் விழுகின்றன என்பதை மறக்கலாகாது.

இந்த இடத்தில்தான் நமது ஹோட்டல்களுக்கே உரிய ஒரு நல்ல சம்பிரதாயம் உதவிக்கு வருகிறது. தமிழ்நாட்டில் எந்த டீக்கடைக்குப் போனாலும், வந்து உட்கார்ந்தவர், “ஸ்ட்ராங்கா, சர்க்கரை கம்மியா ஒண்ணு” என்று சொல்ல, மாஸ்டர் மறுபேச்சில்லாமல் அப்படியே ஆற்றித் தருகிறார். தோசை முறுகலாக வேண்டும் என்கிறார் ஒருவர். கல்தோசையாக, மெத்தென்று வேண்டும் என்கிறார் மற்றொருவர். ஆம்லெட்டில் மிளகு தூக்கலாக வேண்டும் என்கிறார் மூன்றாமவர். தனித்தனி நாவுக்குத் தனித்தனியாகச் செய்து தருவது இங்கே எவருக்கும் அதிசயமாகத் தோன்றுவதில்லை. எங்கோ ஒரு தொழிற்சாலையில் கலந்து, உறையவைத்து, ஊர் ஊராக அனுப்பப்படும் பண்டத்தில் இந்தச் சுதந்திரம் கிடையாது. நம் கண்ணெதிரே கல்லில் வேகும் பண்டத்தில் உண்டு. ருசிக்காக இத்தனை காலம் கேட்டு வாங்கிய நாம், தேகத்துக்காகவும் கேட்டு வாங்கலாம் என்பதே என் அபிப்பிராயம். எதைக் கேட்க வேண்டும் என்பதை மாத்திரம் விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

பரோட்டாவையே எடுத்துக்கொள்வோம். மைதா என்பது கோதுமையின் தவிட்டையும் முளையையும் நீக்கிவிட்டு, நடுவிலுள்ள மாவுப்பகுதியை மட்டும் நைசாக அரைத்தது. நார்ச்சத்தில் பெரும்பங்கு தவிட்டோடு போய்விடுகிறது. மாவைப் பிசையும்போதே மாஸ்டர் ஒரு முறை எண்ணெய் விடுகிறார். உருண்டை பிடித்தபின், அவை காய்ந்து வெடிக்காமல் இருக்கவும், கோதுமைப் புரதத்தின் இழுவிசை தளர்ந்து மாவு இணங்கி வரவும், மேலே மறுபடி எண்ணெய் தடவி ஊறவிடுகிறார். பிறகு உருண்டையைத் தட்டி, மேஜையில் வீசி, பின்னாலிருக்கும் எழுத்துத் தெரியுமளவுக்கு மெல்லிய திரையாக விரித்து, அதன்மேல் மூன்றாம் முறை எண்ணெய் தெளித்து, கொசுவமாக மடித்துச் சுற்றுகிறார். அந்த எண்ணெய் மடிப்புகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரித்து வைப்பதனால்தான், கல்லிலிருந்து எடுத்த பரோட்டாவை இரண்டு கைகளாலும் அடித்து நொறுக்கும்போது அடுக்கடுக்காக உதிர்கிறது. கல்லில் போட்டபின் சுற்றிலும் விடுவது நான்காம் முறை. முதல் மூன்று முறையும் விழுந்த எண்ணெயில் நமக்கு அதிகாரமில்லை. அது இல்லாவிட்டால் பரோட்டாவே இல்லை. நான்காம் முறையில் நமக்கு உரிமை உண்டு: “அண்ணே, கல்லுல எண்ணெய் கம்மியா விட்டுப் போடுங்க” என்றால் எந்த மாஸ்டரும் கோபித்துக்கொள்வதில்லை.

இதில் என்ன பெரிய லாபம் என்று கேட்கலாம். ஒரு தேக்கரண்டி எண்ணெயின் எடை சுமார் நாலரைக் கிராம். ஒரு கிராம் கொழுப்பு ஒன்பது கலோரி தருவதால், அந்த ஒரு கரண்டியில் நாற்பது கலோரி அடங்கியிருக்கிறது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில், நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்குச் சமையல் எண்ணெயாக ஒதுக்கியிருப்பது ஏறத்தாழ 27 கிராம். பரோட்டா ஒன்றுக்கு எல்லாம் சேர்ந்து மூன்று தேக்கரண்டி என்று வைத்துக்கொண்டால், இரண்டாவது பரோட்டாவை முடிக்கும்போதே அன்றைய பங்கு முழுவதும் தீர்ந்துவிடுகிறது. காலையில் தாளித்ததும், மத்தியானம் வறுத்ததும் கணக்கில் வரவேயில்லை. சால்னாவைப் பரோட்டாவின் தலையில் ஊற்றாமல் தனிக் கிண்ணத்தில் வாங்கித் தொட்டுக்கொள்வதும் இதே காரணத்தால் பயனுடையது: மேலே மிதக்கும் எண்ணெயோடு, அதிலுள்ள உப்பும் குறைவாகவே உள்ளே செல்லும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர் ஒருவருக்கு அனுமதிக்கும் உப்பு நாளைக்கு ஐந்து கிராமுக்கும் குறைவு; அதாவது ஒரு தேக்கரண்டி மட்டம்கூட இல்லை.

எண்ணெயின் அளவைப் போலவே அதன் வயதும் முக்கியமானது. ஒரே எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சும்போது, காற்றிலுள்ள பிராணவாயுவும், பண்டத்திலிருந்து வெளிப்படும் நீராவியும், கடும் வெப்பமும் சேர்ந்து எண்ணெயின் மூலக்கூறுகளைச் சிதைக்கின்றன. சிதைந்தவை ஒன்றோடொன்று இணைந்து பிசினாகின்றன. இவ்விதம் உண்டாகும் துருவச் சேர்மங்கள் நூற்றுக்கு 25 பங்குக்கு மேற்பட்டால் அந்த எண்ணெயை உபயோகிக்கலாகாது என்று 2018 ஜூலை முதல் நம் நாட்டில் விதி அமலில் இருக்கிறது. அதை அளக்கக் கருவி வேண்டும். ஆனால் கடை வாசலில் நின்றே ஓரளவு ஊகிக்கலாம். வாணலியில் எண்ணெய் கருத்து, பண்டம் போடுமுன்னரே புகைந்து, நுரை அடங்காமல் பொங்கி, ஓரங்களில் பிசுபிசுப்பாகப் படிந்திருந்தால், அங்கே பஜ்ஜியும் சிக்கன் அறுபத்தைந்தும் வாங்குவதைத் தவிர்த்து, கல்லிலோ ஆவியிலோ வெந்த பதார்த்தத்தைக் கேட்பதே விவேகம்.

எதை உண்கிறோம் என்பது இருக்க, எதை முதலில் உண்கிறோம் என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 2015-இல் நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில், நீரிழிவுள்ள பதினொரு பேருக்கு ஒரே ஆகாரத்தை இரண்டு விதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். காய்கறியையும் புரதத்தையும் முதலில் உண்டு, கால் மணி கழித்து ரொட்டியைத் தின்ற நாளில், ஒரு மணி நேரத்துக்குப் பின் ரத்தத்திலிருந்த சர்க்கரை, ரொட்டியை முதலில் தின்ற நாளைக் காட்டிலும் 37 சதவீதம் குறைந்திருந்தது. சிறிய பரிசோதனைதான், எனினும் அதன் காரணம் விளங்கக்கூடியது. நாரும் புரதமும் முன்னே சென்றால் இரைப்பை மெதுவாகக் காலியாகிறது. மாவுச்சத்து குடலுக்குள் ஒரேயடியாகப் பாயாமல், சிறுகச் சிறுக இறங்குகிறது. நமது சாப்பாட்டு இலையில் இதற்கு வேண்டியதெல்லாம் முன்னமே இருக்கிறது. கூட்டும் பொரியலும் கீரையும் இலையின் மேற்பாதியில் வந்து விழுந்தபின், சோறு வருவதற்குச் சில நிமிஷம் ஆகும்; அந்த இடைவேளையில் நாம் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருப்பதற்குப் பதிலாகப் பொரியலை முடித்துவிட்டு, இன்னும் ஒரு கரண்டி கேட்கலாம். சாப்பாட்டில் சோறு மறுபடி கேட்பது எவ்வளவு இயல்போ, பொரியல் மறுபடி கேட்பதும் அவ்வளவு இயல்பாக வேண்டும். இரவு டிபனானால், பரோட்டாவுக்கு முன் சுண்டலோ, வேகவைத்த முட்டையோ, வெங்காயமும் வெள்ளரியும் நறுக்கிய தட்டோ ஒன்று வரட்டும்.

வடக்குத்திலிருந்து சில கிலோமீட்டரில் வடலூர் இருக்கிறது. அங்கே 1867-ஆம் ஆண்டு வள்ளலார் நிறுவிய சத்திய தருமச்சாலையில், அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாமல் பசித்தவர்க்குச் சோறு ஆக்கிக்கொண்டிருக்கிறது. அந்த மகான் அன்பர்களுக்கு வகுத்த நித்திய கரும விதிகளில், பசி வந்தால் தாமதிக்காமல் உண்ண வேண்டும் என்பதோடு, உண்ணும்போது மிகுந்த மந்தமும் கூடாது, மிகுந்த வேகமும் கூடாது என்றும், அளவில் மிகுதியும் குறைவும் ஆகாது என்றும் சொல்லியிருக்கிறார். 2019-இல் அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகம் இருபது பேரை ஆராய்ச்சி மனையில் தங்கவைத்துச் செய்த பரிசோதனையை வாசிக்கையில் இந்த விதி என் நினைவுக்கு வந்தது. இரண்டு வாரம் தொழிற்சாலைப் பக்குவத்தில் ஆன உணவும், இரண்டு வாரம் வீட்டுப் பக்குவத்தில் ஆன உணவும் அவர்களுக்கு வைக்கப்பட்டன. சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார் ஆகியவை இரண்டிலும் சமமாக இருக்கும்படி செய்திருந்தும், முன்னதை உண்ட நாட்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி அதிகமாகத் தின்றார்கள், வேகமாகவும் தின்றார்கள். மெல்லாமல் வழுக்கி இறங்கும் மிருதுவான பண்டம், போதும் என்று குடல் சுரக்கும் ஹார்மோன் மூளைக்குச் செய்தி சொல்வதற்குள் வயிற்றை நிரப்பிவிடுகிறது. பசி முற்றிய நிலையில் ஹோட்டலுக்குள் நுழைகிற குடும்பம், பேரரைக் கண்டவுடன் தேவைக்கு இரட்டிப்பாக ஆர்டர் கொடுப்பதும் இதனால்தான் அபாயம். முதலில் கொஞ்சம் வரவழைத்து உண்டு, பேசிக்கொண்டிருந்துவிட்டு, வேண்டுமானால் அடுத்ததைச் சொல்லலாம். நம் ஊர் ஹோட்டல்களில் அதற்கு எந்தத் தடையுமில்லை.

குடிக்கும் பானத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பல குளிர்பானங்களில் நூறு மில்லிக்குப் பத்துக் கிராம் அளவில் சர்க்கரை கரைந்திருக்கிறது. 300 மில்லி புட்டி ஒன்றில் முப்பது கிராம். ஒருநாள் முழுவதற்கும் 25 கிராமுக்குள் நிற்பது உத்தமம் என்று உலக சுகாதார நிறுவனம் கருதும்போது, ஒரே புட்டியில் எல்லை தாண்டிவிடுகிறது. இளநீரும் மோரும் எலுமிச்சைச் சாறும் கிடைக்கும் பாதையில், கோடைதோறும் பண்ருட்டிப் பலாச்சுளை விற்கும் பாதையில், இது வருந்தத்தக்க தேர்வு.

நிறத்தையும் வெள்ளைக் குழம்பையும் பற்றி ஒரு வார்த்தை. துணிக்குச் சாயமேற்றும் ரோடமின்-பி கலந்திருந்ததனால் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சுமிட்டாயைத் தடை செய்தது. பச்சை முட்டையில் செய்த மயோனைஸை, சால்மொனெல்லா முதலிய கிருமிகளின் பயத்தால், 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை செய்தது. கண்ணைப் பறிக்கும் சிவப்பு நிறத்தில் வரும் வறுவலைப் பார்த்து, “கலர் போடாம செஞ்சு தர முடியுமா?” என்று கேட்கும் தாயார், மாஸ்டருக்கு உபத்திரவம் செய்யவில்லை, உபகாரமே செய்கிறார்.

கடைசியாகக் குழந்தைகள். பத்து இடங்களுக்குக் குறையாமல் கிளை வைத்திருக்கும் பெரிய ஹோட்டல்கள், பண்டத்தின் பெயருக்கு எதிரே அதன் கலோரியையும் எழுதிக் காட்ட வேண்டும் என்று 2020-இல் செய்த விதி 2022-இல் நடைமுறைக்கு வந்தது. வடக்குத்துச் சாலையோரத்து ஒற்றைக் கடைகளை அது தொடாது. தொட வேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். அவர்களிடம் நான் வேண்டுவது வேறு. 2000-ஆவது ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பார்பரா ரோல்ஸ் என்ற விஞ்ஞானியும் அவர் சகாக்களும் சிறு குழந்தைகளுக்கு வெவ்வேறு அளவில் உணவு வைத்துப் பார்த்தபோது, மூன்று வயதுக் குழந்தைகள் தட்டில் எவ்வளவு இருந்தாலும் தங்கள் பசிக்கேற்ற அளவே உண்டார்கள். ஐந்து வயதுக் குழந்தைகள், தட்டில் வைத்த அளவு கூடக் கூட, அதிகம் உண்டார்கள். தன் வயிற்றின் குரலைக் கேட்கும் இயற்கையான அறிவு, அந்த இரண்டு வருஷங்களுக்குள் தட்டில் வைத்த அளவுக்கு அடங்கத் தொடங்கிவிடுகிறது. முழு பிளேட் பிரைடு ரைஸைச் சின்னப் பையன் முன்னால் வைத்து, “காசு குடுத்து வாங்கினது, வீணாக்காம சாப்பிடு” என்று சொல்லும் தகப்பனார், அன்பினாலேயே அந்த அறிவைக் கெடுக்கிறார்.

பிரியாணிக்கு அரை பிளேட் உண்டு. அதைப் போலவே பிரைடு ரைஸுக்கும் நூடுல்ஸுக்கும் கொத்து பரோட்டாவுக்கும் அரை அளவும், அதற்குரிய நியாயமான விலையும் விலைப்பலகையில் எழுதப்பட வேண்டும். இரண்டு பேர் ஒன்றைப் பங்கிட்டுக்கொள்ளக் கேட்டால் முகம் சுளிக்காமல் இரண்டு தட்டு கொடுக்க வேண்டும். தனியாக விலை போட்டு ஒரு கிண்ணம் பொரியலும் ஒரு கிண்ணம் சுண்டலும் இரவிலும் கிடைக்க வேண்டும். வியாபாரத்துக்கு இதனால் நஷ்டமில்லை: அரை வாங்கிய பிள்ளைக்கு உண்மையாகவே பசியிருந்தால், இன்னொரு அரை கேட்பான்.